காவிரிச் செய்தி சூடாகும்போது பெங்களூரில் பேப்பர் படிப்பது எப்படி

ஜூன், ஜூலையில் மழை கொஞ்சம் ஏமாற்றினால் போதும், அல்சூர், ஸ்ரீராமபுரம் டீக்கடைகளில் பேச்சு காவிரிக்குப் போய்விடும், ஊரிலிருந்து "அங்க ஒண்ணும் பிரச்சினை இல்லையே" என்று போன் வர ஆரம்பிக்கும். தலைப்பை மட்டும் பார்த்துப் பயப்படுகிறவர்களும் கொதிக்கிறவர்களும் நம்மில் அதிகம். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரே நாளில் ஒரு தமிழ்ப் பேப்பரும் ஒரு கன்னடப் பேப்பரும் பாருங்கள். தினத்தந்தி இங்கேயே அச்சாகிறது, கூட ஒரு பிரஜாவாணி வாங்கிக்கொள்ளுங்கள். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தால் போதும். ஒளஹரிவு என்றால் நீர்வரத்து, ஹொரஹரிவு என்றால் வெளியேற்றம், மற்றதெல்லாம் எண்கள்தான்.

அந்த எண்களில்தான் விஷயமே இருக்கிறது. எந்த எண்ணைப் பார்த்தாலும் அதை எங்கே அளந்தார்கள் என்று தேடுங்கள். கே.ஆர்.எஸ். (மைசூர் பக்கத்துக் கிருஷ்ணராஜ சாகர் அணை) வெளியேற்றம் என்று போட்டிருந்தால் அதில் மண்டியா பக்கத்துக் கால்வாய்களுக்குப் போகிற தண்ணீரும் சேர்ந்திருக்கலாம், தமிழ்நாட்டுக்கு வந்து சேர்ந்த கணக்கு எல்லையில் பிலிகுண்டுலுவில் அளப்பதுதான். அப்புறம் கன அடியை டிஎம்சியாக, அதாவது நூறு கோடி கன அடிக் கணக்காக, மாற்றிப் பாருங்கள்: விநாடிக்கு சுமார் 11,574 கன அடி ஒரு நாள் முழுக்க ஓடினால் 1 டிஎம்சி. 2023 ஆகஸ்ட் கடைசியில் காவிரி மேலாண்மை ஆணையம் தமிழ்நாட்டுக்கு 15 நாளைக்கு விநாடிக்கு 5,000 கன அடி விடச் சொன்னபோது இங்கே எவ்வளவு கொந்தளிப்பு! கணக்குப் போட்டால் மொத்தம் ஆறரை டிஎம்சிக்குள்தான் வருகிறது, கே.ஆர்.எஸ். நிரம்பினால் 49 டிஎம்சிக்கு மேல் பிடிக்கும். அதே சமயம், 2018 உச்ச நீதிமன்றத் தீர்ப்பின்படி தமிழ்நாட்டுக்கு வருடத்துக்கு 177.25 டிஎம்சி, அதில் ஆகஸ்டுக்கு மட்டும் 45.95 என்று தமிழ்ப் பேப்பர் எழுதினால், அது சாதாரண மழை பெய்கிற வருடத்துக்கான பட்டியல் என்பதையும் சேர்த்தே படியுங்கள். மழை குறைந்த வருடத்தில் பற்றாக்குறையை எப்படிப் பங்கு போடுவது என்பதில்தான் உண்மையான சண்டை, இரண்டு பக்கமும் தலைப்பில் அதை எழுதுவதில்லை.

பந்த் செய்தி வந்தால் யார் கூப்பிட்டது, எந்தச் சங்கங்கள் ஆதரவு, பஸ்ஸும் மெட்ரோவும் ஓடுமா, இந்த மூன்றையும் முந்தின நாள் சாயங்காலமே பார்த்துவிடுங்கள். 2023 செப்டம்பர் 26-ல் பெங்களூர் பந்த், 29-ல் கர்நாடக பந்த் என்று ஒரே வாரத்தில் இரண்டு வந்ததால் எது எந்த நாள் என்று பலர் குழம்பினார்கள். வாட்ஸ்அப்பில் பஸ் எரிகிற வீடியோ வந்தால் தயவுசெய்து யாருக்கும் அனுப்பாதீர்கள், 2016-ல் எடுத்தது அடுத்த பிரச்சினைக்கும் புதுசு போலச் சுற்றும். அதைப் பார்த்து நடுங்குவது ஊரில் இருக்கிற வயசானவர்கள்தான்.

உள்ளூர்ப் பக்கத்தை விடவே கூடாது. நம் வீட்டுக் குழாயில் வருவதும் காவிரிதான், சுமார் 100 கிலோமீட்டர் தள்ளி தொரேகாடனஹள்ளியிலிருந்து மேலே ஏற்றிக் கொண்டுவருகிறார்கள். 2018 தீர்ப்பு பெங்களூர் குடிநீருக்கென்றே 4.75 டிஎம்சி கூடுதலாகக் கொடுத்தது, இந்த ஊர்த் தமிழர்கள் குடிப்பதும் அந்தத் தண்ணீரைத்தான். 2024 கோடையில் அதிகம் தவித்தது போர்வெல்லை நம்பியிருந்த புறநகர்ப் பகுதிகள். அந்த அக்டோபரில், நகரத்தோடு சேர்த்த 110 கிராமங்களுக்காகக் காவிரிக் குடிநீரின் ஐந்தாம் கட்டத் திட்டம் தொடங்கியது. உங்கள் தெருவுக்கு இணைப்பு வந்துவிட்டதா, எந்தெந்த நாள் தண்ணீர் விடுகிறார்கள் என்பதெல்லாம் உள்ளூர்ப் பக்கத்தில் மூலையில் சின்னதாகத்தான் போடுவார்கள். 2020 செப்டம்பரில் மாநகராட்சிக் கவுன்சில் கலைந்த பிறகு பல வருடம் போய்க் கேட்கக் கவுன்சிலரே இல்லாத ஊர் இது. அதனால் பேப்பரில் போட்ட நாளில் தண்ணீர் வராவிட்டால் குடிநீர் வாரியத்தின் 1916-க்குப் போன் போட்டுப் புகார் எண்ணை வாங்கிக் குறித்து வையுங்கள்.