பைத்தானில் ஐஆர்சி இணைப்பு: குளச்சல் கடல்நிலை பாட்

குளச்சல், முட்டம் படகுக்காரர்களின் ஐஆர்சி (எழுத்து வழி இணைய அரட்டை) அறையில் கடல்நிலை அறிவிப்பைப் போட ஒரு பாட் (தானே இயங்கும் நிரல்) போதும். பைத்தானோடு வரும் சாக்கெட் (இணைய இணைப்பு), எஸ்எஸ்எல் (மறையாக்கம்) நூலகங்களே இதற்குப் போதுமானவை.

சர்வரின் போர்ட் 6697-இல் டிஎல்எஸ் மறையாக்கம் போட்டு இணையுங்கள்; 6667 பெரும்பாலும் மறையாக்கம் இல்லாதது. முதலில் புனைபெயரைச் சொல்லும் நிக் (NICK), அடுத்து பயனர் விவரம் தரும் யூசர் (USER) கட்டளை. புனைபெயரை ஆங்கில எழுத்தில் வையுங்கள், தமிழைப் பல சர்வர்கள் ஏற்பதில்லை. சர்வரிடமிருந்து 433 என்ற பதில் எண் வந்தால் அந்தப் பெயரை வேறொருவர் வைத்திருக்கிறார் என்று பொருள். பதிவு முடிந்ததைச் சொல்லும் 001 வரும்வரை, அறைக்குள் நுழையும் ஜாயின் (JOIN) கட்டளையை அனுப்பாதீர்கள். அவசரப்பட்டால் அறைக்குள் நுழையவே முடியாது.

ஒவ்வொரு வரியும் சிஆர், எல்எஃப் (\r\n) என்ற வரிமுடிவுக் குறிகள் இரண்டோடும் முடிய வேண்டும். அவற்றையும் சேர்த்து வரிக்கு 512 பைட்தான் உச்சம். யூடிஎஃப்-8 எழுத்துமுறையில் ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு 3 பைட்; உயிர்க்குறியும் புள்ளியும் தனித்தனிக் குறியீடுகள். 'குளச்சல்' என்ற சொல்லுக்கே 8 குறியீடு, 24 பைட். அறைப்பெயரும் அனுப்புநர் முன்னொட்டும் இடம் பிடிப்பதால், செய்தியை 350 பைட்டுக்குள், சொல் இடைவெளியில் வெட்டுங்கள்.

பலர் சறுக்குவது வாசிப்பில்தான். சாக்கெட்டிலிருந்து வாசிக்கும் ரிசீவ் (recv) பாதி வரியைத் தரலாம், பாதி எழுத்தைக்கூடத் தரலாம். பைட்டுகளை பஃபரில் (தற்காலிகச் சேமிப்பில்) சேர்த்து, வரியாகப் பிரித்த பிறகே எழுத்தாக டிகோட் செய்யுங்கள். இணைப்பு உயிரோடு இருக்கிறதா என்று கேட்கும் பிங் (PING) சர்வரிடமிருந்து வந்தால், அதில் வந்த அதே சொல்லோடு பாங் (PONG) திருப்புங்கள். இல்லையேல் சர்வர் துண்டித்துவிடும்.

மழைக்காலத்தில் கரண்ட் போனால் சாக்கெட் சத்தமில்லாமல் செத்துக் கிடக்கும். 300 விநாடி டைம்அவுட் வைத்து, 5, 10, 20 விநாடி என இடைவெளியைக் கூட்டி மறுபடி இணையுங்கள்.