குரூஸ் கப்பலில் தனியாகப் போகிறீர்களா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

இரண்டு பேராகப் பயணம் போகும்போது ஒருவர் மறந்ததை இன்னொருவர் ஞாபகப்படுத்திவிடுவார். "பாஸ்போர்ட் எடுத்தாச்சா?", "மணி ஆச்சே, கிளம்பலாமா?" என்று கேட்க ஒரு குரல் கூடவே இருக்கும். தனியாகப் போகிறவருக்கு அந்தக் குரல் கிடையாது. இதுவரை 14 முறை தனியாகக் கப்பல் ஏறியிருக்கிறேன். நான் செய்த தவறுகளும், கூடவந்த தனிப்பயணிகள் செய்யப் பார்த்த தவறுகளும் பெரும்பாலும் அந்தக் கேள்வியைக் கேட்க ஆள் இல்லாததால் நடந்தவைதான். நாமே அந்தக் குரலாக இருக்கப் பழகிக்கொண்டால் தனிப்பயணம் போல நிம்மதியானது வேறில்லை.

பலர் சறுக்குவது கட்டணத்தைப் படிக்கும் இடத்திலேயே. விளம்பரத்தில் 'ஒருவருக்கு இவ்வளவு' என்று போட்டிருக்கும். அது ஒரு கேபினில் இரண்டு பேர் தங்குவதாக வைத்துக் கணக்கிட்ட தொகை. தனியாகப் போனால் வராத அந்த இன்னொருவருக்கும் சேர்த்து நாம் கட்ட வேண்டியிருக்கும். இதற்குப் பெயர் சிங்கிள் சப்ளிமென்ட். 100 சதவீதம் என்றால் இரண்டு பேர் கட்டணம், 50 சதவீதம் என்றால் ஒன்றரைப் பேர் கட்டணம். ஆனால் துறைமுகக் கட்டணம், வரி, தினசரி டிப்ஸ் எல்லாம் தலைக்கு இவ்வளவு என்ற கணக்கு. அவை பொதுவாக இரட்டிப்பாகாது. அதனால் விளம்பரத் தொகையை அப்படியே நம்பவும் வேண்டாம், இரண்டால் பெருக்கிப் பார்த்துப் பயப்படவும் வேண்டாம். பணம் கட்டும் கடைசிப் பக்கம் வரை போய் மொத்தத் தொகையைப் பாருங்கள்.

ஒற்றை ஆளுக்கென்றே கட்டிய கேபின்தான் எப்போதும் மலிவு என்று நினைப்பதும் தவறு. 2010-இல் பயணிகளோடு ஓடத் தொடங்கிய நார்வீஜியன் எபிக் கப்பலில் 128 ஸ்டூடியோ கேபின்கள் வைத்தார்கள். ஒவ்வொன்றும் சுமார் 100 சதுர அடி. சன்னல் உண்டு, ஆனால் அது கடலைப் பார்க்காது, நடைபாதையைப் பார்க்கும். அங்கே தங்குகிறவர்களுக்கு மட்டும் தனி லவுஞ்ச் ஒன்று இருக்கிறது. என்னைக் கேட்டால் கேபினைவிட அந்த லவுஞ்சுக்குத்தான் மதிப்பு. குயீன் மேரி 2 கப்பலை 2016-இல் புதுப்பித்தபோது 15 ஒற்றைக் கேபின்கள் சேர்த்தார்கள். அவ்வளவு பெரிய கப்பலில் வெறும் 15. இப்படிப்பட்ட கேபின்கள் சீக்கிரம் தீர்ந்துவிடும், விலையும் ஏறிவிடும். சில தேதிகளில் இரண்டு பேர் கட்டணம் கொடுத்துச் சாதாரண உள்பக்கக் கேபின் (சன்னல் இல்லாதது) எடுத்தது ஸ்டூடியோவைவிடக் குறைவாக முடிந்திருக்கிறது. இரண்டையும் ஒரே நாளில் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு எடுங்கள்.

கேபின் எங்கே இருக்கிறது என்பதையும் வரைபடத்தில் பார்த்துவிடுங்கள். கடல் ஆட்டம் ஒத்துக்கொள்ளாதவர்களுக்குக் கப்பலின் நடுப்பகுதியும் கீழ்த் தளமும்தான் நல்லது. மேல் தளத்தில் நீச்சல் குளம் இருந்தால் விடியற்காலையிலேயே நாற்காலி இழுக்கும் சத்தம் கேட்கும்.

விசா விஷயத்தில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. மத்தியதரைக்கடல் பயணம் ஒன்று பார்சிலோனாவில் தொடங்கி, துருக்கியின் குஷாதாசிக்குப் போய், மறுபடி கிரேக்கத் தீவுகளுக்குத் திரும்பலாம். ஒரே விசாவில் சுற்றிவரக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டமான ஷெங்கன் பகுதியில் துருக்கி இல்லை. அதாவது பாதியில் வெளியே போய் மறுபடி உள்ளே வருகிறீர்கள். விசா தேவைப்படும் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் ஒருமுறை மட்டும் நுழையும் விசாவோடு போய் மாட்டிக்கொள்ளக் கூடாது. பயணத் திட்டத்தில் உள்ள ஒவ்வொரு நாட்டையும் வரிசையாக எழுதிவைத்துச் சரிபாருங்கள்.

கப்பல் கிளம்பும் அன்றே விமானத்தில் போய் இறங்குவது வேண்டவே வேண்டாம். விமானம் தாமதமானால் கப்பல் காத்திருக்காது. முந்தைய நாளே போய்விடுங்கள். துறைமுகத்தில் பெரிய பெட்டியை வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். அது கேபின் வாசலுக்கு வந்து சேரச் சாயங்காலம்கூட ஆகிவிடும். பாஸ்போர்ட், மாத்திரை, கண்ணாடி, சார்ஜர், ஒரு மாற்று உடை இவை எல்லாம் தோள்பையில் இருக்கட்டும்.

அடுத்து நான் சொல்லப்போவதைத் தயவுசெய்து அலட்சியப்படுத்தாதீர்கள். கப்பல் கிளம்புவதற்கு முன் மஸ்டர் என்ற பாதுகாப்புப் பயிற்சி நடக்கும். ஆபத்து வந்தால் எந்த இடத்தில் கூட வேண்டும், லைஃப் ஜாக்கெட்டை எப்படிப் போட வேண்டும் என்று காட்டுவார்கள். 2012 ஜனவரி 13 இரவு கோஸ்டா கான்கோர்டியா என்ற குரூஸ் கப்பல் இத்தாலியின் ஜில்லியோ தீவருகே பாறையில் மோதியது. 32 பேர் இறந்தார்கள். அன்று சாயங்காலம்தான் சிவிடாவெக்கியா துறைமுகத்தில் ஏறியிருந்த நூற்றுக்கணக்கானவர்களுக்கு அதுவரை பயிற்சியே நடக்கவில்லை. ஏறி 24 மணி நேரத்துக்குள் நடத்தினால் போதும் என்பதுதான் அப்போதைய விதி. அதன் பிறகு விதியை மாற்றி, கப்பல் கிளம்பும் முன்போ கிளம்பிய உடனேயோ நடத்த வேண்டும் என்று ஆக்கினார்கள். 2015 ஜனவரி 1 முதல் அது நடைமுறையில் இருக்கிறது.

இப்போது பல கப்பல்களில் போனில் வீடியோ பார்த்துவிட்டு, கூடும் இடத்தில் கேபின் அட்டையைக் காட்டினால் முடிந்துவிடுகிறது. அதனாலேயே பலர் அட்டையைக் காட்டிவிட்டு நேராக பஃபேக்குப் போய்விடுகிறார்கள். தனியாக வந்தவர் அப்படிச் செய்யக் கூடாது. குடும்பமாக வந்தவர்களைத் தேட வீட்டு ஆட்கள் இருப்பார்கள். நம்மை எண்ணிப் பார்க்கப் போவது அந்தக் கூடும் இடத்தில் பட்டியலோடு நிற்கும் ஊழியர் ஒருவர்தான். கேபினிலிருந்து அந்த இடம் வரை லிஃப்ட் இல்லாமல் படிக்கட்டு வழியாக ஒருமுறை நடந்து பாருங்கள். கதவிலிருந்து படிக்கட்டுக்கு எத்தனை கதவுகள் என்று எண்ணிவைத்துக்கொள்ளுங்கள். ஏழு குறுகிய ஒலி, அப்புறம் ஒரு நீண்ட ஒலி. அதுதான் கூடும் இடத்துக்கு வரச் சொல்லும் அபாயச் சங்கு.

கேபின் கதவில் 'தொந்தரவு செய்யாதீர்கள்' அட்டையை நாள் முழுக்கத் தொங்கவிடுவதும் நல்லதல்ல. உள்ளே நீங்கள் வழுக்கி விழுந்து கிடந்தால் முதலில் கவனிக்கக்கூடியவர் கேபினைச் சுத்தம் செய்ய வருபவர். அவரை நாளுக்கு ஒருமுறையாவது உள்ளே வரவிடுங்கள். பெயர் சொல்லிப் பேசுங்கள். அதே சமயம் புதிதாகப் பழகியவர்களிடம் கேபின் எண்ணைச் சொல்லாதீர்கள். சந்திக்க வேண்டுமென்றால் காபி கடையில் சந்திக்கலாம்.

சாப்பாட்டு மேசைக்கு வருகிறேன். தனியாக உணவுக்கூடத்துக்குப் போகக் கூச்சப்பட்டு வாரம் முழுக்க பஃபேயிலும் கேபினிலும் சாப்பிட்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். முதல் பயணத்தில் நானும் அப்படித்தான் இருந்தேன். தனிப்பயணிகள் சந்திப்பு என்று முதல் நாள் நிகழ்ச்சித் தாளில் போட்டிருந்தது. நாளைக்குப் போகலாம் என்று விட்டேன், மறுநாளும் விட்டேன். நான்காம் நாள் போனபோது எல்லோரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பேசிக்கொண்டிருந்தார்கள். என்னை நன்றாகத்தான் வரவேற்றார்கள், ஆனால் அவர்களுக்குள் மூன்று நாள் கதை சேர்ந்துவிட்டிருந்தது. கப்பலில் நட்பு அமைவது முதல் இரண்டு நாளில்தான். முன்பதிவு செய்யும்போதே குறிப்பிட்ட நேரத்து இரவுச் சாப்பாட்டையும், ஆறு அல்லது எட்டுப் பேர் உட்காரும் மேசையையும் கேளுங்கள். அங்கே பேச்சு ஒத்துவரவில்லை என்றால் உணவுக்கூட மேலாளரிடம் மெதுவாகச் சொல்லி மறுநாளே இடம் மாறிக்கொள்ளலாம். அதில் சங்கடப்பட ஒன்றுமில்லை, அவர்களுக்கு அது தினசரி வேலை.

துறைமுக நாட்களில்தான் நிஜமான ஆபத்து. பயணத் திட்டத்தில் 'ரோம்' என்று இருக்கும், கப்பல் நிற்பது சிவிடாவெக்கியாவில். ரோம் நகரம் அங்கிருந்து 70 கிலோமீட்டருக்கு மேல். 'பாரிஸ்' என்றால் லெ ஹாவ்ர், சுமார் 200 கிலோமீட்டர். 'பெர்லின்' என்றால் வார்னமுண்டே, ரயிலில் ஏறக்குறைய மூன்று மணி நேரம். 'பாங்காக்' என்றால் பெரும்பாலும் லேம் சபாங். ஊர்ப் பெயரைப் பார்த்து மயங்காமல் துறைமுகத்தின் பெயரைத் தேடி, போக வர எவ்வளவு நேரம் என்று கணக்குப் போடுங்கள். கப்பல் நிறுவனம் நடத்தும் சுற்றுலாவில் போனால், பேருந்து தாமதமானாலும் கப்பல் பொதுவாகக் காத்திருக்கும். நாமாகப் போனால் காத்திருக்காது. தூரத்து நகரங்களுக்குக் கப்பல் சுற்றுலாவிலும், நடந்து பார்க்கக்கூடிய ஊர்களில் தனியாகவும் போவது என் வழக்கம். வாடகைக் கார் தனி ஆளுக்கு அதிகச் செலவு. முதல் இரண்டு நாளில் நட்பு பிடித்திருந்தால் நான்கு பேராகப் பங்கு போட்டுக்கொள்ளலாம்.

சான்டொரினி போன்ற இடங்களில் கப்பல் கரையைத் தொடாது, டெண்டர் என்ற சிறு படகில் கரைக்குக் கொண்டுபோய் இறக்குவார்கள். அங்கே கப்பல் கிளம்பும் நேரத்தைவிடக் கடைசிப் படகின் நேரம்தான் முக்கியம். சான்டொரினியில் மேலே இருக்கும் ஃபீரா ஊரிலிருந்து பழைய துறைமுகத்துக்கு இறங்கக் கேபிள் கார், அல்லது 500-க்கும் மேற்பட்ட படிகள். பல கப்பல்கள் நிற்கும் நாளில் சாயங்காலக் கேபிள் கார் வரிசை மிக நீளமாக இருக்கும். அந்த வரிசைக்கும் சேர்த்து நேரம் ஒதுக்குங்கள்.

மெக்சிகோவின் கோசுமேல் தீவில் ஒரு ஜூலை மாதம் நடந்ததைச் சொல்கிறேன். கப்பலுக்கு 4:30-க்குள் திரும்ப வேண்டும். என் போனில் மணி 3:10. இன்னும் நேரம் இருக்கிறது என்று கடற்கரையில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் ஒரு வயதான தம்பதி. அந்த அம்மா கணவரின் கையைத் தட்டி, தன் கைக்கடிகாரத்தைக் காட்டினார். இருவரும் துண்டை மடித்துப் பைக்குள் வைத்தார்கள். அவர்கள் துண்டும் என் துண்டும் ஒரே நீலம், ஒரே கப்பல் கொடுத்தது. அந்தக் கடிகாரத்தை எட்டிப் பார்த்தேன். 4:10. மணலைத் தட்டக்கூட நேரமில்லாமல் எழுந்து, அவர்களோடு டாக்சியில் ஏறினேன்.

காரணம் எளிது. கோசுமேல் இருக்கும் கின்டானா ரூ மாநிலம் 2015-இல் தன் நேரத்தை மாற்றிக்கொண்டது. கோடையில் கடிகாரத்தை முன்னே தள்ளும் வழக்கம் அங்கே இல்லை. மயாமியிலிருந்து கோடையில் வந்த எங்கள் கப்பல் மயாமி நேரத்திலேயே ஓடியது. இரண்டுக்கும் ஒரு மணி நேர வித்தியாசம். போன் உள்ளூர் டவரைப் பிடித்துத் தானாகவே மாறிக்கொண்டது. அன்றிலிருந்து முள் வைத்த கைக்கடிகாரம் ஒன்று கட்டிக்கொள்கிறேன். கப்பலில் அறிவிப்பு செய்தால் தவிர அதன் திருகைத் தொடுவதில்லை.

ஒருவேளை கப்பலைத் தவறவிட்டால்? நிகழ்ச்சித் தாளில் அந்த ஊரில் கப்பல் நிறுவனத்தின் சார்பில் வேலை பார்க்கும் துறைமுக ஏஜென்ட்டின் தொலைபேசி எண் இருக்கும். இறங்கும் முன் அதைக் காகிதத்தில் எழுதிப் பையில் வையுங்கள். போனில் சார்ஜ் இல்லாமல் போகலாம். ஆள் திரும்பவில்லை என்று தெரிந்தால் ஊழியர்கள் கேபின் பெட்டகத்தைத் திறந்து, பாஸ்போர்ட் இருந்தால் ஏஜென்ட்டிடம் கொடுத்துவிட்டுப் போவது வழக்கம். பாஸ்போர்ட்டைத் துணிகளுக்கு அடியில் ஒளித்துவைத்தால் யாருக்கும் கிடைக்காது. பெட்டகத்தில் வையுங்கள், நகலைக் கையில் எடுத்துப் போங்கள்.

உடம்புக்கு முடியாமல் போனால் ஒரு டம்ளர் தண்ணீர் எடுத்துத் தரவும் ஆள் இல்லை என்பதை முன்பே யோசியுங்கள். கப்பல்களில் பரவும் நோரோ வைரசுக்குக் கை சானிடைசர் அவ்வளவாகப் பயன்படாது. சோப்பும் தண்ணீரும் போட்டு 20 வினாடி கழுவ வேண்டும். ஓஆர்எஸ் பொட்டலம் நான்கைந்து கையோடு இருக்கட்டும். கடல் மயக்க மாத்திரையை, மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு, ஆட்டம் தொடங்கும் முன்பே போட வேண்டும். தலை சுற்றிய பிறகு போட்டால் பலன் குறைவு. கப்பல் மருத்துவமனை இலவசம் அல்ல. அவசரத்துக்கு ஹெலிகாப்டரில் கரைக்குக் கொண்டுபோவதற்கான செலவையும் ஏற்கும் காப்பீடு எடுக்காமல் ஏறாதீர்கள்.

போன் ஏறிய உடனே ஃப்ளைட் மோடுக்குப் போகட்டும். நடுக்கடலில் கப்பலின் சொந்த செல் நெட்வொர்க்கைப் பிடித்தால் ரோமிங் கட்டணம் எகிறிவிடும். கப்பலின் ஆப் பொதுவாக அதன் வைஃபையிலேயே காசில்லாமல் வேலை செய்யும்.

கடைசி இரவில் பெரிய பெட்டியைக் கட்டி, நள்ளிரவுக்குள் கதவுக்கு வெளியே வைக்கச் சொல்வார்கள். அது மறுநாள் துறைமுகக் கட்டிடத்தில்தான் கையில் கிடைக்கும். ஒரு பயணத்தில் எல்லாவற்றையும் அழகாக மடித்து வைத்து, பூட்டி, வெளியே தள்ளிவிட்டுத் தூங்கினேன். காலையில் பார்த்தால் காலில் போட ஒன்றுமே இல்லை. காலணி, செருப்பு இரண்டும் பெட்டிக்குள். கேபினைக் கவனித்துக்கொண்ட ஊழியர் எங்கிருந்தோ ஒரு ஜோடி துணிச் செருப்பு கொண்டுவந்து கொடுத்தார். அதோடுதான் இமிகிரேஷன் வரிசையில் நின்றேன். இப்போது மறுநாள் உடையை நாற்காலியிலும், செருப்பைக் கதவருகிலும் எடுத்து வைத்துவிட்டு, "செருப்பு வெளியே இருக்கா?" என்று வாய்விட்டுக் கேட்டுக்கொண்ட பிறகுதான் பெட்டியின் ஜிப்பை இழுக்கிறேன்.