மூடிய பெட்டிக்கு ஊஃபர் பொருத்துவது எப்படி

பெட்டி சின்னதாக இருந்தால் பாஸ், அதாவது தாழ்ந்த சுருதி ஒலி, இறுக்கமாக வரும் என்று யாரோ சொன்னதை நம்பி, ஒரு எட்டு இன்ச் ஊஃபரை (பாஸுக்கான ஸ்பீக்கரை) 10 லிட்டர் பெட்டிக்குள் அடைத்தேன். எந்தப் பாட்டைப் போட்டாலும் ஒரே சுருதியில் தொம் தொம் என்றுதான் வந்தது.

குற்றம் ஊஃபருடையது இல்லை, உள்ளே அடைபட்ட காற்று செய்த வேலை. மூடிய பெட்டியில் காற்றும் ஒரு ஸ்பிரிங். பெட்டி சிறுக்கச் சிறுக்க அது விறைக்கும், ஒத்ததிர்வு (கோன் தானாகவே அதிகம் அதிரும் சுருதி) மேலே ஏறும், அந்த இடத்தில் சத்தம் புடைக்கும். 1954இல் எட்கர் வில்ச்சர் ஏஆர்-1 ஸ்பீக்கரைச் செய்தபோது கோனைத் தாங்கிப் பிடிக்கும் சஸ்பென்ஷனை வேண்டுமென்றே தளர்வாக விட்டு, ஸ்பிரிங் வேலையைக் காற்றிடமே ஒப்படைத்தார். அப்படிச் செய்ய வேண்டுமென்றால் காற்றின் அளவு சரியாக இருக்கணும்.

எனவே பலகை அறுக்கும் முன் ஸ்பெக் ஷீட்டைப் பாருங்கள். எஃப்எஸ் (பெட்டியில்லாமல் ஊஃபரின் ஒத்ததிர்வு), க்யூடிஎஸ் (அந்த அதிர்வு எவ்வளவு அடங்காமல் நிற்கும் என்பதன் அளவு), விஏஎஸ் (சஸ்பென்ஷன் அளவுக்கே ஸ்பிரிங்காக இருக்கும் காற்றின் கொள்ளளவு), இந்த மூன்று எண் போதும். என் ஊஃபருக்கு 30 ஹெர்ட்ஸ், 0.4, 60 லிட்டர். பெட்டிக்குள் போனபின் க்யூடிஎஸ் உயர்கிறது, உயர்ந்த அந்த எண்ணுக்குப் பெயர் க்யூடிசி. அது 0.7 பக்கம் நின்றால் பாஸ் புடைப்பில்லாமல் சீராக இறங்கும், 1ஐத் தாண்டினால் தொம் தொம்தான்.

கணக்கு சுலபம். 0.7ஐ 0.4ஆல் வகுத்தால் 1.75, அதன் வர்க்கம் 3.06, அதில் ஒன்று போக 2.06. விஏஎஸ் 60ஐ இதால் வகுத்தால் 29 லிட்டர். ஒத்ததிர்வு 30 பெருக்கல் 1.75, அதாவது 52 ஹெர்ட்ஸ். நான் செய்த 10 லிட்டருக்கு இதையே திருப்பிப் போட்டால் க்யூடிசி 1.06, ஒத்ததிர்வு 79 ஹெர்ட்ஸ். அப்புறம் பாஸ் எங்கிருந்து வரும்?

க்யூடிஎஸ் 0.7க்கு மேல் உள்ள ஊஃபரை இதற்கு வாங்காதீர்கள், எவ்வளவு பெரிய பெட்டி கட்டினாலும் 0.7க்கு இறங்காது. 0.25 மாதிரி ரொம்பக் குறைவானதும் வேண்டாம். இதே 30 ஹெர்ட்ஸ், 60 லிட்டரில் கணக்குப் போட்டால் 9 லிட்டர் பெட்டி போதும் என்று வரும், ஆனால் ஒத்ததிர்வு 84 ஹெர்ட்ஸில் போய் நிற்கும். அந்த மாதிரி ஊஃபர் போர்ட் (காற்றுக் குழாய்) வைத்த பெட்டிக்குப் போகட்டும்.

29 லிட்டர் என்பது உள் அளவு. மேக்னட்டும் உள்ளே கொடுக்கும் முட்டுக்கட்டையும் இடம் பிடிக்கும் என்பதால் உள்ளே 26, 30, 40 சென்டிமீட்டர் வைத்து 31 லிட்டராகக் கட்டினேன். கொஞ்சம் சிறுத்துப்போனால் தலையணைப் பாலியஸ்டர் பஞ்சைத் தளர்வாக நிரப்புங்கள், பெட்டி பத்து இருபது சதவீதம் பெரிதானது போல நடந்துகொள்ளும். திணித்தால் இருக்கிற இடமும் போய்விடும்.

கடைசியாகக் காற்றுக் கசிவு. 30 ஹெர்ட்ஸ் டோனை மெல்ல ஓட விட்டு, ஊதுபத்தியை ஒவ்வொரு மூட்டு ஓரமாகவும் கொண்டு போங்கள், கசியும் இடத்தில் புகை நடுங்கும். எனக்கு மூட்டெல்லாம் சரி, பின்னால் ஒயர் மாட்டும் டெர்மினல் ஓரத்தில்தான் ஆடியது. கொஞ்சம் சிலிகான் தடவியதும் நின்றது.