அலாஸ்காவின் உட்பகுதிக்கு ஸ்னோமொபைல் பயணம்: திட்டமிடும்போதே நேர்ந்துவிடும் தவறுகள்

அலாஸ்காவில் பாக்ஸன் என்னும் சிற்றூரையும் கான்ட்வெல்லையும் இணைக்கும் டெனாலி நெடுஞ்சாலையின் நீளம் 135 மைல், அதாவது ஏறத்தாழ 217 கிலோமீட்டர். 1957-இல் திறக்கப்பட்ட இச்சாலைதான், 1971-இல் பார்க்ஸ் நெடுஞ்சாலை முழுமையடையும் வரை, இன்றைய டெனாலி தேசியப் பூங்காவுக்குச் செல்லும் ஒரே சாலைவழியாக இருந்தது. அக்டோபர் தொடங்கி மே நடுப்பகுதி வரை இதில் பனி அகற்றும் பணி நடப்பதில்லை. கார்கள் நின்றுபோக, நாய்ச்சறுக்கு வண்டிகளும் ஸ்னோமொபைல்களும் மட்டுமே செல்லும் நீண்ட பனித்தடமாக அது மாறிவிடுகிறது. முன்னால் சறுக்குப்பலகைகளும் பின்னால் சுழலும் சங்கிலிப்பட்டையும் கொண்டு பனிமேல் ஓடும் எந்திர வண்டிதான் ஸ்னோமொபைல்; அலாஸ்கா மக்கள் அதை ஸ்னோமெஷின் என்றே அழைப்பார்கள். முதன்முறையாக வடக்கின் தொலைநிலங்களுக்குச் செல்லத் திட்டமிடுவோர் பலரின் பட்டியலில் இப்பாதை இருக்கிறது என்பதால், தவறுகளை விளக்க இதையே எடுத்துக்காட்டாகக் கொள்கிறேன்.

எல்லாத் தவறுகளுக்கும் வேரான ஒன்றை முதலில் சொல்லிவிட வேண்டும். இறுகிய தடத்தில் இரண்டு மணிநேரத்தில் அறுபது கிலோமீட்டர் உள்ளே போய்விடலாம். அங்கே எந்திரம் நின்றுவிட்டால், தொடையளவுப் பனியில் மணிக்கு ஒரு கிலோமீட்டர் நடப்பதே பெரும்பாடு. திட்டம் போடுகிறவர்கள் தூரத்தை எந்திரத்தின் வேகத்தால் அளக்கிறார்கள், கால்களின் வேகத்தால் அளப்பதில்லை. "இந்த இடத்தில் வண்டி நின்றால் அடுத்த இரண்டு இரவுகளை எப்படிக் கழிப்போம்?" என்ற கேள்வியை வரைபடத்தின் ஒவ்வொரு பகுதிக்கும் கேட்டுப் பார்த்தவர், கீழே சொல்லப்படும் தவறுகளில் பாதியைத் தாமாகவே கண்டுபிடித்துவிடுவார்.

பெட்ரோல் கணக்கு

நாற்பது லிட்டர் கொள்ளும் தொட்டியும், இறுகிய தடத்தில் லிட்டருக்கு ஆறு கிலோமீட்டர் ஓடும் எந்திரமும் உங்களிடம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். 217 கிலோமீட்டருக்கு 36 லிட்டர் போதும், ஒரே தொட்டியில் பாக்ஸனிலிருந்து கான்ட்வெல் சேர்ந்துவிடலாம் என்று காகிதம் சொல்லும். புதுப்பனி விழுந்து தடம் மறைந்துவிட்ட நாளில், பின்னால் சாமான் சறுக்குவண்டியையும் இழுத்துக்கொண்டு போனால், அதே எந்திரம் லிட்டருக்கு மூன்று கிலோமீட்டர்கூடத் தராமல் போகலாம். அப்போது தேவைப்படுவது 72 லிட்டருக்கும் மேல். வழியில் சிக்கிய நண்பரின் வண்டியை மீட்க முன்னும் பின்னும் ஓடியது, ஆற்றின் திறந்த நீரைச் சுற்றி வந்தது ஆகியவை எல்லாம் தனி. ஆகவே மோசமான நாளின் நுகர்வைக் கொண்டு கணக்கிட்டு, அதன்மேல் மூன்றில் ஒரு பங்கைச் சேர்த்து எடுத்துச் செல்லுங்கள்.

வழியிலுள்ள விடுதிகளில் பெட்ரோல் கிடைக்கும் என்று பழைய பயணக்குறிப்பு ஒன்றைப் படித்துவிட்டுப் புறப்படுவதும் இவ்வகைத் தவறே. அவ்விடுதிகளுக்கு எரிபொருள் வந்து சேர்வதும் அதே பனித்தடத்தின் வழியாகத்தான். அந்த வாரம் விடுதி திறந்திருக்கிறதா, விற்க எவ்வளவு இருக்கிறது என்பதை முன்கூட்டியே தொலைபேசியில் கேட்டு உறுதி செய்துகொள்ள வேண்டும். டப்பாவிலிருந்து பெட்ரோல் ஊற்றும்போது நீர்புகாத கையுறை அவசியம். மைனஸ் 30 டிகிரி செல்சியஸிலும் பெட்ரோல் உறையாது. அந்தக் குளிரோடு தோலில் பட்டு ஆவியாகும்போது விரல்களைச் சில நொடிகளில் உறையவைத்துவிடும்.

ஆறும் ஏரியும்

நீர்நிலைகளைப் பற்றிய தவறுகளே என்னை மிகவும் கவலைப்பட வைப்பவை. ஒரு தவறு நேர்ந்தால் இரண்டாவது வாய்ப்பு அரிதாகவே கிடைக்கும் இடம் அது.

தெளிந்த, புதிய பனிக்கட்டி பத்து சென்டிமீட்டர் தடிமன் இருந்தால் ஒருவர் நடக்கலாம், 13 முதல் 18 சென்டிமீட்டர் இருந்தால் ஸ்னோமொபைல் செல்லலாம் என்பது வட அமெரிக்காவில் பரவலாகச் சொல்லப்படும் அளவு. பலர் இந்த எண்ணை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டு, அது எதற்குப் பொருந்தும் என்பதை விட்டுவிடுகிறார்கள். பனியும் நீரும் கலந்து உறைந்த வெள்ளைக்கட்டிக்குத் தெளிந்த கட்டியின் பாதி வலுவே உண்டு என்பதால் அதற்கு இருமடங்கு தடிமன் வேண்டும். ஓடும் ஆற்றுக்கு இந்த அளவுகளை நம்பவே கூடாது. சுசிட்னா, மக்லாரன் போன்ற ஆறுகளில் நீரோட்டம் அடியிலிருந்து கட்டியை அரித்துக்கொண்டே இருக்கும். பாலத்தூண்களைச் சுற்றியும், ஏரியில் ஓடை கலக்கும் இடத்திலும் வெளியேறும் இடத்திலும், ஊற்றுக்கண்களின் மேலும் கடுங்குளிர் காலத்தில்கூடக் கட்டி மெல்லியதாகவே இருக்கலாம். குளிர்காலத் தொடக்கத்திலேயே கனத்த பனி விழுந்துவிட்டால் அது போர்வைபோல் மூடி, கட்டி தடிப்பதைத் தடுத்துவிடும். பார்வைக்கு நன்கு மூடிக் கிடக்கும் ஏரி, வெறுமையாகப் பளபளக்கும் ஏரியைவிட ஆபத்தானதாக இருப்பதற்குக் காரணம் இதுதான்.

சென்ற ஆண்டு யாரோ பதிவுசெய்த ஜிபிஎஸ் தடத்தைத் தரவிறக்கி, அதே கோட்டில் ஆற்றைக் கடக்கப் பார்ப்பது இப்போது பெருகிவரும் தவறு. அந்தக் கோடு சென்ற ஆண்டின் பனிக்கட்டியின்மேல் வரையப்பட்டது. இந்த ஆண்டு ஆறு வேறு இடத்தில் திறந்திருக்கும். புதிதாகத் தெரியும் வண்டித்தடத்தைப் பின்பற்றுவதிலும் இதேபோன்ற சிக்கல் உண்டு; கண்ணி வைத்து விலங்கு பிடிப்பவரின் தடம் அவருடைய கடைசிக் கண்ணியோடு முடிந்துவிடும், நீங்கள் போக நினைத்த ஊருக்கு அது வழிகாட்டாது.

வெப்பநாட்டிலிருந்து செல்பவர்கள் கேள்விப்பட்டே இராத ஒன்று ஓவர்ஃப்ளோ. குளிர் கடுமையாகும்போது ஆழமற்ற ஓடை அடிவரை உறைந்து நீரின் வழியை அடைக்க, அழுத்தம் தாங்காமல் நீர் பிளவுகள் வழியே மேலே ஏறிக் கட்டியின்மேல் பரவும். ஏரிகளில் பனியின் பாரம் கட்டியை அழுத்துவதாலும் இது நிகழும். மேலே கிடக்கும் பனி குளிரைத் தடுப்பதால், காற்றின் வெப்பநிலை மைனஸ் 30 ஆக இருந்தாலும் அந்த நீர் உறையாமல் சேறுபோல் கிடக்கும். மேற்பரப்பு சற்றுத் தாழ்ந்தோ சாம்பல் நிறம் படர்ந்தோ தெரிந்தால் ஐயம் கொள்ளுங்கள். தெரியாமல் இறங்கிவிட்டால் வேகத்தைக் குறைத்து நின்று பார்ப்பதுதான் இயல்பான எண்ணம், அதுவே தவறு. விசையைக் குறைக்காமல் இறுகிய கரை வரை ஓட்டிச் சென்று, அங்கே வண்டியைச் சாய்த்து, சங்கிலிப்பட்டையில் ஒட்டிய சேற்றை அது கல்லாக உறைவதற்குள் தட்டி அகற்ற வேண்டும். நனைந்த காலுறையை உடனே மாற்றுங்கள். விடுதி வரை பொறுத்துக்கொள்ளலாம் என்று நினைத்தவர்கள் கால்விரல்களை இழந்திருக்கிறார்கள்.

நீரிலேயே விழுந்துவிட்டால் நினைவில் கொள்ளக் கனடாவின் மானிடோபா பல்கலைக்கழகப் பேராசிரியர் கோர்டன் கீஸ்பிரெக்ட் பரப்பிய ஒரு கணக்கு உண்டு: மூச்சைக் கட்டுக்குள் கொண்டுவர ஒரு நிமிடம், கைகால்கள் பயன்தரும்படி இயங்கப் பத்து நிமிடம், குளிரால் நினைவிழக்கும் முன் ஒரு மணிநேரம். அந்தப் பத்து நிமிடத்தில் கட்டியைக் குத்திப் பிடித்து ஏற உதவும் கூர்முனைக் கைப்பிடிகள் கழுத்தில் தொங்க வேண்டும். வண்டியின் பெட்டிக்குள் இருந்தால் அவை வண்டியோடு ஆற்றின் அடிக்குப் போயிருக்கும். இது கைப்பிடிகளுக்கு மட்டும் உரிய விதியன்று. தீப்பற்றவைக்கும் பொருள், செயற்கைக்கோள் கருவி, கத்தி, சிறிய முதலுதவிப் பொதி ஆகிய நான்கும் எப்போதும் உடலோடு இருக்க வேண்டும்.

சரிவுகள்

1999 மார்ச் 21 அன்று, அலாஸ்காவின் ஆங்கரேஜ் நகருக்குத் தெற்கேயுள்ள டர்னகேன் கணவாயில் நேர்ந்த பனிச்சரிவில் ஸ்னோமொபைல் ஓட்டிகள் ஆறு பேர் இறந்தார்கள். செங்குத்தான சரிவில் யார் அதிக உயரம் ஏறித் திரும்புவது என்று ஓட்டும் பழக்கம் அந்நாளில் அங்கே மிகுந்திருந்தது. ஒருவர் மேலே சிக்கிக்கொள்ள, அவரை மீட்க இன்னொருவர் அதே சரிவில் ஏற, கீழே மற்றவர்கள் வண்டிகளை நிறுத்தி வேடிக்கை பார்ப்பது என்பது இன்றும் மலைகளில் காணக்கிடைக்கும் காட்சி; சரிவிலுள்ள பனி உடைந்தால் அத்தனை பேரும் அதன் வழியில்தான் நிற்கிறார்கள். ஒரு நேரத்தில் ஒருவர் மட்டுமே சரிவில் இருக்க வேண்டும். ஏனையோர் பனி வந்து சேர முடியாத இடத்தில் நின்று அவரைக் கவனிக்க வேண்டும்.

பெரும்பாலான பனிச்சரிவுகள் 30 முதல் 45 டிகிரி சாய்வுள்ள இடங்களில் உடைகின்றன. "நாங்கள் மலை ஏறப்போவதில்லை, பள்ளத்தாக்கில்தான் போகிறோம்" என்பவர்கள், தலைக்கு மேலிருக்கும் சரிவைக் கீழே செல்லும் வண்டியாலும் உடைத்துவிட முடியும் என்பதை அறிவதில்லை. டர்னகேன் பகுதிக்குச் சுகாச் தேசியக் காட்டின் பனிச்சரிவுத் தகவல் மையம் குளிர்காலத்தில் முன்னறிவிப்பு வெளியிடுகிறது. மாநிலத்தின் பெரும்பகுதிக்கோ அன்றாட முன்னறிவிப்பே கிடையாது என்பதால், அங்கெல்லாம் சாய்வைத் தாமே அளந்து ஒதுங்கத் தெரிந்திருக்க வேண்டும். புதைந்தவரைக் கண்டறியும் டிரான்ஸீவர், துழாவுகோல், மண்வாரி மூன்றும் ஒவ்வொருவரிடமும் இருக்க வேண்டும். முதல் பத்துப் பதினைந்து நிமிடங்களுக்குள் தோண்டி எடுக்கப்படாதவர் பிழைக்கும் வாய்ப்பு விரைந்து குறைந்துவிடும் என்பதால், வெளியிலிருந்து வரும் மீட்புக்குழுவை நம்பி இருக்க முடியாது; அருகிலுள்ள நண்பர்தான் மீட்புக்குழு.

குளிர், வெளிச்சம், எந்திரம்

டிசம்பர் விடுமுறையில் போக நினைப்பது புரிந்துகொள்ளக்கூடிய ஆசை. ஆனால் ஆண்டின் மிகக் குறுகிய நாளில் அலாஸ்காவின் உட்பகுதி நகரமான ஃபேர்பேங்ஸில் சூரியன் நான்கு மணிநேரம்கூட இருப்பதில்லை; மார்ச் நடுவில் அதே ஊரில் பகல் பன்னிரண்டு மணிநேரத்தை நெருங்கும், தடங்களும் இறுகியிருக்கும். முதல் பயணத்துக்கு மார்ச் மாதத்தைத் தவிர வேறு எதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

வானிலை அறிக்கையின் எண்ணை அப்படியே எடுத்துக்கொள்வதும் கூடாது. மைனஸ் 30 டிகிரியில் மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டும்போது, திறந்த தோலுக்கு அது மைனஸ் 48-க்கு ஒப்பாகும். 1971 ஜனவரி 23 அன்று அலாஸ்காவின் பிராஸ்பெக்ட் கிரீக்கில் மைனஸ் 62 டிகிரி பதிவானது. அந்த அளவுக்குப் போகாவிட்டாலும், மைனஸ் 35-க்குக் கீழே இறங்கும் என்று அறிவிக்கப்பட்டால் பயணத்தைத் தள்ளிவைப்பதே சரி. பிளாஸ்டிக்கும் ரப்பரும் அந்தக் குளிரில் கண்ணாடிபோல் உடையும்.

பருத்தி ஆடை வேண்டாம் என்பது பலருக்கும் தெரியும். வியர்வையைப் பற்றித்தான் தெரிவதில்லை. புதைந்த வண்டியைத் தோண்டி எடுப்பது கடும் உழைப்பு. மேலாடையைக் கழற்றாமல் அதைச் செய்தவர் உள்ளே நனைந்து, மீண்டும் ஓட்டத் தொடங்கிய அரைமணியில் நடுங்கத் தொடங்குவார். மண்வாரியைக் கையிலெடுக்கும் முன் ஓர் அடுக்கைக் கழற்றி வையுங்கள். சமைப்பதற்குப் பியூட்டேன் குப்பி அடுப்பைக் கொண்டுபோகாதீர்கள். பூச்சியம் டிகிரிக்குச் சற்றுக் கீழேயே பியூட்டேன் ஆவியாவதை நிறுத்திவிடுகிறது.

எந்திரத்தைப் பொறுத்தவரை, உறைகுளிரில் அது சூடேறி நின்றுவிடும் என்பதை நம்பப் பலருக்குக் கடினம். சங்கிலிப்பட்டை வாரி இறைக்கும் பனிதான் அடியிலுள்ள வெப்பமாற்றியைக் குளிர்விக்கிறது. வெறும் பனிக்கட்டியிலோ கல்போல் இறுகிய தடத்திலோ அந்தப் பனி கிடைக்காது. தடத்தைக் கீறிப் பனித்தூள் எழுப்பும் கம்பிகளைப் பொருத்திக்கொள்வது செலவு குறைந்த தீர்வு. உதிரியாக இரண்டு டிரைவ் பெல்ட்டுகளும் ஸ்பார்க் பிளக்குகளும் கட்டாயம் வேண்டும். குழுவில் எல்லோரும் ஒரே மாதிரியான எந்திரத்தில் சென்றால் ஒருவரின் பெல்ட் மற்றவருக்கு உதவும்.

வீட்டிலிருப்பவரிடம் விட்டுச்செல்ல வேண்டியது

கைபேசியை நம்பிச் செல்வது பற்றி நீளமாகச் சொல்லத் தேவையில்லை. டெனாலி நெடுஞ்சாலையின் பெரும்பகுதியில் அலைவரிசை இல்லை. செயற்கைக்கோள் கருவி இருக்கும்போது வேறொரு தவறு நேர்கிறது: பொத்தானை அழுத்தியதும் ஹெலிகாப்டர் வந்துவிடும் என்ற நினைப்பு. அலாஸ்காவில் நிலப்பகுதி மீட்பை ஒருங்கிணைப்பது மாநிலக் காவல்துறை. செய்தி அவர்களை நிமிடங்களில் எட்டினாலும், பனிப்புயல் ஓயும் வரை எதுவும் பறக்க முடியாமல் ஓரிரு நாள் ஆகலாம். ஆகவே கருவி இருந்தாலும் இரண்டு இரவுகளுக்கான உணவும் உறங்குபையும் கூடவே இருக்க வேண்டும். கருவியைச் சட்டைக்குள் வைத்துக்கொள்ளுங்கள். குளிரில் மின்கலம் வேகமாக வலுவிழக்கும்.

ஊரில் பொறுப்பான ஒருவரிடம் எழுத்தில் கொடுத்துச் செல்ல வேண்டியவை சில: பாதை, ஓட்டிகளின் எண்ணிக்கை, வண்டிகளின் நிறம், தங்கும் இடங்கள், திரும்பும் நேரம், அந்த நேரம் கடந்து எத்தனை மணிநேரத்தில் காவல்துறையை அழைக்க வேண்டும் என்பது. "ஞாயிறு மாலை வந்துவிடுவோம்" என்று வாய்மொழியாகச் சொல்லிச் சென்றால், திங்கள் காலை வரை காத்திருக்கலாமா என்று அவர் தயங்கிக்கொண்டிருப்பார். நடுவில் பாதையை மாற்றினால் உடனே அவருக்குச் செய்தி அனுப்புங்கள். தேடுகிறவர்கள் காகிதத்திலுள்ள பாதையில்தான் தேடுவார்கள். கான்ட்வெல் சேர்ந்து வண்டியை டிரெய்லரில் ஏற்றுவதற்கு முன்பாகவே அவரை அழைத்து, எல்லோரும் வந்துசேர்ந்ததைச் சொல்லிவிடுங்கள்.