ஓட்டல் சமையலறை: கேஸ் தரையில் தங்கும், மேலே இருக்கும் ஃபேன் காப்பாற்றாது

சமையலறையில் காற்றோட்டம் எப்படி என்று கேட்டால், ஓட்டல் நடத்துகிற பலர் மேலே சுற்றும் எக்ஸாஸ்ட் ஃபேனைத்தான் காட்டுவார்கள். புகைக்கும் வெக்கைக்கும் அது சரி. கசிந்த கேஸுக்கு அது உதவாது. எல்பிஜி காற்றைவிட ஒன்றரை முதல் இரண்டு மடங்கு கனம். கசிந்தால் கீழே இறங்கி, மேடைக்கு அடியில், மாவு டிரம்முக்குப் பின்னால், சாக்கடை ஜாலிக்குள் போய்த் தங்கும். காற்றில் 2 சதவீதம் கலந்தாலே பற்றிக்கொள்ளும். அதனால் சிலிண்டர் இருக்கும் இடத்தில் தரையை ஒட்டி, வெளியே திறக்கிற ஜாலி கட்டாயம் வேண்டும். இடம் மிச்சம் என்று படிக்கட்டுக்கு அடியிலோ கீழ்த்தளத்திலோ சிலிண்டரை அடுக்குவது பெரிய ஆபத்து. அங்கே கசிந்த கேஸுக்கு வெளியேற வழியே கிடையாது.

கேஸ் வாடை வந்ததும் ஓடிப்போய் ஃபேனைப் போடுவதும் இதே தவறிலிருந்து வருவதுதான். சுவிட்சில் தெறிக்கும் சின்னப் பொறி போதும், அறையே பற்றிக்கொள்ளும். ஓடிக்கொண்டிருக்கும் ஃபேனை அணைப்பதும் கூடாது. அணைக்கும்போதும் பொறி வரும். எரிகிற அடுப்புகளை அணைத்து, சிலிண்டர் வால்வை மூடி, கதவு ஜன்னலைத் திறந்து, எல்லோரையும் வெளியே அனுப்புங்கள். அப்புறம் வெளியே நின்று 1906-க்கு போன் செய்யுங்கள். கேஸ் கசிவுக்கென்றே உள்ள அவசர எண் அது. கடையில் உள்ள எல்லோருக்கும், முக்கியமாகத் தமிழ் படிக்கத் தெரியாத வடமாநிலத் தொழிலாளர்களுக்கும், இதை வாயால் சொல்லி, ஒரு தடவை செய்தும் காட்ட வேண்டும். சுவரில் ஒட்டிய நோட்டீஸ் மட்டும் போதாது.

அடுத்தது, காலை டிபன் நெரிசலில் நடப்பது. இட்லி அடுப்பு, தோசைக்கல், சாம்பார் அடுப்பு எல்லாம் ஒரே 19 கிலோ சிலிண்டரில் ஓடும். சிலிண்டரின் கீழ்ப்பாதி வெளியே வேர்த்து, சில நேரம் வெள்ளையாகப் பனி படியும், தீயும் அடங்கிப்போகும். திரவம் கேஸாக மாறச் சூடு தேவை. ஒரே சிலிண்டரிலிருந்து வேகமாக இழுத்தால் அது குளிர்ந்து அழுத்தம் குறைகிறது. உள்ளே கேஸ் தீரவில்லை. ஆனால் அங்கே செய்வது என்ன? வெந்நீர் ஊற்றுகிறார்கள், இல்லையென்றால் சிலிண்டரைப் படுக்கப் போடுகிறார்கள். படுக்கப் போட்டால் ரெகுலேட்டருக்குள் திரவமே ஏறும். ஒரு லிட்டர் திரவம் சுமார் 250 லிட்டர் கேஸாக விரியும் என்பதால் அடுப்பில் தீ திடீரென்று எகிறும். தயவுசெய்து செய்யாதீர்கள். இரண்டு மூன்று சிலிண்டர்களை மேனிஃபோல்டில், அதாவது பல சிலிண்டர்களின் கேஸைச் சேர்த்து அனுப்பும் ஒரே பொதுக்குழாயில், ஒன்றாக இணைத்தால் பாரம் பிரிந்துவிடும், பனியும் படியாது.

காற்றோட்டத்தில் இன்னொரு கோளாறு, வெளியே இழுப்பதை மட்டும் யோசிப்பது. பெரிய ஃபேன் மாட்டுகிறார்கள், ஏசி ஹாலுக்குக் குளிர் தங்கட்டும் என்று கதவையும் அடைக்கிறார்கள். உள்ளே வருகிற காற்றுக்கு வழி இல்லையென்றால் ஃபேன் வெறுமனே சுற்றும். அடுப்புக்கும் ஆக்ஸிஜன் போதாமல் தீ மஞ்சளாக எரியும், பாத்திரத்தின் அடியில் கரி பிடிக்கும். மஞ்சள் தீ என்றால் கார்பன் மோனாக்சைடு வரலாம். அதற்கு வாடை கிடையாது. மாஸ்டருக்குத் தினமும் மதியத்துக்கு மேல் தலைவலி, மயக்கம் என்றால் வெக்கை என்று தள்ளிவிடாமல் தீயின் நிறத்தைப் பாருங்கள். பர்னர் அடைப்பை நீக்கி, காற்று வர வழி செய்யுங்கள்.

சிம்னி குழாயில் படியும் எண்ணெய்ப் பிசுக்கும் எரிபொருள்தான். தாளிக்கும்போது எழும் தீ அதைத் தொட்டால் குழாய் முழுக்க ஓடும். வடிகட்டியை மட்டும் கழுவிவிட்டுக் குழாயை மறந்துவிடக் கூடாது.

கடை மூடும்போது அடுப்புத் திருகை மட்டும் அடைத்துவிட்டுப் போனால், ராத்திரி முழுக்க ட்யூபில் கேஸ் நிற்கும். எலி கடித்திருந்தாலோ கிளிப் தளர்ந்திருந்தாலோ விடியும்வரை யாருக்கும் தெரியாது. வால்வை சிலிண்டரிலேயே மூடுங்கள். காலையில் முதலில் கதவைத் திறந்து, தரைப்பக்கம் வாடை இருக்கிறதா என்று பார்த்த பிறகே லைட் சுவிட்சைத் தொடுங்கள்.