பள்ளியில் சுகாதார வேலையா? முதலில் ஸ்டாஃப் ரூமில் பேசுங்கள்

கடலூர் பக்கத்துப் பள்ளி ஒன்றின் ஸ்டாஃப் ரூமில் போய் பிள்ளைகளின் ஆரோக்கியத்தை யார் கவனிப்பது என்று கேளுங்கள். பெரும்பாலும் பி.இ.டி சாரைக் காட்டுவார்கள், அவர் இல்லையென்றால் பயாலஜி டீச்சரை. அக்கறை இல்லாமல் இல்லை, பத்தாம் வகுப்பு போர்ஷன், எமிஸ் இணையதளத்தில் மாணவர் விவரப் பதிவு, ஸ்பெஷல் கிளாஸ் என்று ஏற்கெனவே மூச்சு முட்டுகிறபோது இன்னொரு பதிவேடா என்ற பயம்தான்.

2020இல் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் பள்ளி நலத் திட்டம், பள்ளிக்கு ஓர் ஆண், ஒரு பெண் என இரண்டு ஆசிரியர்கள் பயிற்சி பெற்று வாரம் ஒரு வகுப்பு எடுக்கச் சொல்கிறது. நல்ல ஏற்பாடுதான், ஆனால் எல்லாவற்றையும் அந்த இருவர் தலையில் கட்டிவிட்டு மற்றவர்கள் ஒதுங்கிவிடும் ஆபத்து இதில் உண்டு. அந்த இருவரில் நீங்கள் ஒருவர் என்றால், எதைப் பேசக் கூச்சம், எது சுலபம் என்று பெயர் போடாத சீட்டில் எல்லோரையும் எழுதித் தரச் சொல்லுங்கள். கணக்கு சார் புகையிலையைப் பற்றி வெளுத்து வாங்குவார், மாதவிடாய் என்றால் வாயே திறக்க மாட்டார். சரி, அவருக்குப் புகையிலை. யாரும் எடுக்காததற்கு ஆரம்ப சுகாதார நிலையத்துச் செவிலியரை வகுப்புக்கே அழையுங்கள். பிரேயரில் மொத்தப் பள்ளியையும் வெயிலில் நிற்கவைத்து அரைமணி நேரம் சொற்பொழிவு வேண்டவே வேண்டாம்.

ஆசிரியர்கள் அதிகம் தயங்குவது வாராந்திர இரும்புச்சத்து மாத்திரை விஷயத்தில். 60 மில்லிகிராம் இரும்பு, 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம் உள்ள நீல மாத்திரை. ஒரு பிள்ளை வாந்தி எடுத்தால் போதும், மறுநாள் பெற்றோர் வாசலில் நிற்பார்கள் என்பது அவர்கள் கவலை, அதில் நியாயமும் இருக்கிறது. காலையில் சாப்பிடாமல் முதல் பஸ் பிடித்து வருகிற பிள்ளைக்கு வெறும் வயிற்றில் கொடுத்தால் குமட்டத்தான் செய்யும். அதனால் மதிய சாப்பாட்டுக்குப் பிறகு கொடுங்கள். சத்துணவு பத்தாம் வகுப்பு வரைதான், பிளஸ் ஒன், பிளஸ் டூ பிள்ளைகளிடம் சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டே கொடுக்க வேண்டும். காய்ச்சல் இருந்தால் அன்றைக்கு விட்டுவிடலாம். மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம் என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். மாத்திரையோடு டீ கூடாது, இரும்பு உடம்பில் சேராது. வாசலில் விற்கிற நெல்லிக்காயும் கொய்யாவும் அது சேர உதவும்.

கை கழுவும் பாடம் எடுப்பதற்கு முன் குழாயில் தண்ணீர் வருகிறதா, சோப்பு இருக்கிறதா என்று நீங்களே போய்ப் பாருங்கள். டாய்லெட் சரியில்லாததால் நாள் முழுக்கத் தண்ணீரே குடிக்காத மாணவிகள் இருக்கிறார்கள், ஜூன் மாத வெயிலில் நீர்க்கடுப்பு வராமல் என்ன செய்யும்? அரசு கொடுக்கும் நாப்கினைத் தலைமை ஆசிரியர் அறை பீரோவில் பூட்டி வைத்தால் எந்தப் பெண்ணும் போய்க் கேட்க மாட்டாள், கூச்சமில்லாமல் அணுகக்கூடிய ஒரு டீச்சரிடம் இருக்கட்டும்.

அப்புறம் புகையிலை. பள்ளியிலிருந்து 100 கெஜத்துக்குள் விற்கக் கூடாது என்று 2003ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. ஆனால் கடைக்காரரும் நீங்களும் ஒரே தெருவாக இருக்கலாம், தனியாகப் போய்ச் சண்டை போடாதீர்கள், பள்ளி மேலாண்மைக் குழுவில் தீர்மானம் போட்டுக் காவல் நிலையத்துக்கு அனுப்புங்கள். உதட்டுக்கடியில் பொட்டலம் வைத்திருந்த பையனைப் பிரேயரில் நிறுத்தி அவமானப்படுத்தினால் அவன் பள்ளியை விட்டு நிற்பான், பழக்கத்தை விட மாட்டான். தனியாகக் கூப்பிட்டுப் பேசுங்கள். பாகூர் பக்கம், புதுச்சேரி எல்லையை ஒட்டிய பள்ளிகளில் இதோடு சாராயப் பேச்சையும் சேர்த்தே பேச வேண்டியிருக்கும்.

மருத்துவக் குழு வந்து பரிசோதித்துவிட்டுப் போன பிறகுதான் பல பள்ளிகளில் விஷயம் அப்படியே நின்றுவிடுகிறது. யாரை எங்கே அனுப்பச் சொன்னார்கள், போனார்களா என்று ஒரு நோட்டு போடுங்கள். பெரியாஸ்பத்திரிக்கு அலைந்தால் அப்பாவுக்கு ஒரு நாள் கூலி போகும், அதனால் எந்தக் கிழமை, எந்த அறை என்று விசாரித்துப் போனில் சொல்லிவிடுங்கள். பார்வைக் குறை என்று அவர்கள் சொன்ன பிள்ளையைக் கண்ணாடி வரும்வரை முன் பெஞ்சுக்கு மாற்றி வையுங்கள்.