கல்வெட்டு படிக்கப் பழகலாம் வாங்க: குமரி மாவட்டத்துக்காரர்களுக்கு ஒரு தொடக்கம்

முதலிலேயே சிதறால் சமண மலைக்குப் போகாதீர்கள். நான் அப்படித்தான் போனேன். கல்வெட்டுகள் திருச்சாரணத்து மலை என்று சொல்லும் அந்த மலையில் ஏறி, ஆய் மன்னன் விக்கிரமாதித்த வரகுணனின் 28-ஆம் ஆட்சியாண்டில் குணந்தாங்கி குரத்திகள் என்ற சமணப் பெண் துறவி பொன்னணி கொடுத்ததைச் சொல்லும் கல்வெட்டுக்கு முன்னால் அரை மணி நேரம் நின்று, ஒரு எழுத்தும் பிடிபடாமல் நன்றாகக் காற்று வாங்கிவிட்டு இறங்கினேன். அது வட்டெழுத்து, அதாவது தமிழை எழுதப் பயன்பட்ட பழைய, வளைந்த இன்னொரு எழுத்துமுறை. அதில் ப, ய, வ மூன்றும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

முதல் படி: தமிழ் எழுத்திலேயே வெட்டியிருக்கும் ஒரு கல்வெட்டைப் பிடியுங்கள். சோழர் காலமோ அதற்குப் பிந்தியதோ போதும். சுசீந்திரம் கோயிலில் இரண்டு வகை எழுத்தும் உண்டு. பெரும்பாலும் கருவறையின் அடித்தளத்தில், முழங்கால் உயரத்தில் வரிகள் ஓடும், அதனால் குத்தவைத்து உட்காரத் தயாராகப் போங்கள். நம் பக்கத்துக் கோயில்கள் பலவற்றில் ஆண்கள் சட்டை கழற்ற வேண்டும், ஆகவே பேனாவை வேட்டி மடிப்பில் செருகிக்கொள்வது என் வழக்கம். படம் எடுப்பதென்றால் கேட்டுவிட்டு எடுங்கள்.

இன்னொன்று. நீளமான வரி என்றால் படிக்கப் படிக்க இடமிருந்து வலமாக நகர்வோம் இல்லையா, சுவரைப் பார்த்து நின்றுகொண்டு வலப்பக்கம் நகர்ந்தால் அது வலம் வருவதற்கு நேர் எதிர்த்திசை. ஒரு சின்னக் கோயிலில் நான் பாட்டுக்கு நகர்ந்துகொண்டிருந்தபோது ஒரு பாட்டி, "மக்ளே, எதிரா சுத்தப்பிடாது கேட்டியளா" என்று அதட்டினார்கள். அன்றிலிருந்து ஒவ்வொரு வரிக்கும் முழுச் சுற்று வலம் வந்து தொடங்கிய இடத்துக்குப் போகிறேன். கணக்கு நேராகிவிடும்.

அடுத்தது வெளிச்சம். டார்ச்சை நேராக அடித்தால் எழுத்து மறைந்துபோகும். கல்லோடு ஒட்டினாற்போல் பக்கவாட்டில் பிடியுங்கள், பள்ளத்தில் நிழல் விழுந்து எழுத்து எழும்பி வரும். வெளிச் சுவர் என்றால் காலை அல்லது சாயங்கால வெயில். சுண்ணக்கட்டியால் எழுத்தை நிரப்ப வேண்டாம், கல்லுக்கும் கேடு, தவறாகத் தடவிவிட்டால் அப்புறம் அந்தத் தவறுதான் கண்ணில் தெரியும். ஈரத்தாளை ஒற்றி, தூரிகையால் தட்டி, மை தடவி எடுக்கும் மைப்படிக்கு அனுமதியும் பயிற்சியும் வேண்டும், இப்போதைக்கு நோட்டுப் புத்தகமே போதும்.

சரி, படிப்போம். இங்கேதான் எல்லாரும் தடுக்கி விழுவது. கல்லில் பெரும்பாலும் மெய்யெழுத்துக்குப் புள்ளி இருக்காது. எ-ஏ, ஒ-ஓ வேறுபாடு கிடையாது. சொல்லுக்குச் சொல் இடைவெளியும் இல்லை, வரி முடிந்தால் சொல்லைப் பாதியில் வெட்டி அடுத்த வரிக்குக் கொண்டுபோவார்கள். எல்லாவற்றுக்கும் மேல், துணைக்காலும் ரகரமும் ஒரே வடிவம். 'ஊரார்' என்ற சொல் கண்ணுக்கு 'ஊரரர' என்று தெரியும். நான் அதைச் சிற்பியின் பிழை என்று நோட்டில் எழுதி வைத்திருந்தேன்! ஆகவே இரண்டு வேலையாகச் செய்யுங்கள்: கல்லில் இருப்பதை இருக்கிறபடியே ஒரு பக்கம் எழுதுங்கள், 'தெவரககு' என்றால் 'தெவரககு' தான். வீட்டுக்கு வந்து எதிர்ப் பக்கத்தில் 'தேவர்க்கு' என்று பிரியுங்கள். கல்லின் முன்னாலேயே திருத்தத் தொடங்கினால் நாம் எதிர்பார்ப்பதைத்தான் படிப்போம்.

பிடிமானத்துக்குத் தெரிந்த சொற்களைத் தேடுங்கள். தொடக்கத்தில் பெரும்பாலும் 'ஸ்வஸ்திஸ்ரீ' என்ற மங்கலச் சொல் கிரந்த எழுத்தில் இருக்கும். 'யாண்டு' வந்தால் பக்கத்தில் ஆட்சியாண்டு. 'நாஞ்சில் நாட்டு' வந்தால் ஊர்ப்பெயர் வரப்போகிறது. கோட்டாறு 'மும்முடிச்சோழநல்லூர்' என்றும், சுசீந்திரம் 'சுந்தரசோழச் சதுர்வேதிமங்கலம்' என்றும் சோழர் காலத்தில் பெயர் பெற்றவை.

நம் மாவட்டத்தில் கொல்லம் ஆண்டும், அதாவது ஆவணியில் தொடங்கும் மலையாள ஆண்டுக் கணக்கும், அடிக்கடி வரும். 'கொலலம ௬௱௯௰௭' என்று இருப்பதாக வையுங்கள். ஆறு நூறு, ஒன்பது பத்து, ஏழு: 697. ஆவணி முதல் டிசம்பர் வரை என்றால் 824 கூட்டுங்கள், கி.பி. 1521. ஜனவரிக்குப் பிறகு என்றால் 825 கூட்டி 1522.

கடைசியாக, நீங்கள் படித்ததை அச்சில் வந்த கல்வெட்டுப் பதிப்போடு ஒப்பிடுங்கள். 1956 நவம்பர் 1-க்கு முன் நாம் திருவிதாங்கூரிலும், 1949-க்குப் பிறகு திருவிதாங்கூர்-கொச்சியிலும் இருந்ததால் பழைய பதிப்புகள் திருவிதாங்கூர் தொல்லியல் வரிசையில் இருக்கும். தமிழ்நாடு தொல்லியல் துறையின் கன்னியாகுமரிக் கல்வெட்டுத் தொகுதிகளும் உண்டு. நீங்கள் படித்து முடித்த பிறகுதான் திறக்க வேண்டும், முன்னால் அல்ல. கோயில் விளக்குக்கு நெய் கிடைக்க ஆடு கொடுத்த ஒரு விளக்குக் கொடையில் 'சாவா மூவாப் பேராடு ௫௰' (எண்ணிக்கை குறையாமல் காக்க வேண்டிய ஆடுகள்) என்பதை ஐந்தும் பத்தும் என்று கூட்டி 15 ஆடு என எழுதி, இவ்வளவு கஞ்சத்தனமா என்று ஓரத்தில் ஒரு குறிப்பும் போட்டிருந்தேன். பதிப்பில் 50.